இன்னும் ரெண்டு கொட்டை

கிருஷ்ணன்கோவில் கடைத்தெருவில் புதிதாக வந்திருக்கும் காப்பிக்கடையில், மூன்று பக்குவத்தில் வறுத்த காப்பியைச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, ருசி பார்க்கச் சொன்னாள் ஒரு பெண். முதல் வாசனையிலேயே நான் ராஜபாளையம் பஜாருக்கு, இப்போது செல்போன் கடையாகிவிட்ட பாயின் காப்பி அரவைக் கடைக்குப் போய்விட்டேன்.

காப்பி குடித்தால் பிள்ளை கறுத்துவிடும் என்று சின்ன வயதில் வீட்டில் எனக்கு ஒரு சொட்டு கிடையாது. ஆனால் வெற்றிலை போட்டு நாக்கு மரத்துவிட்டதென்று சொல்லும் அம்மாவுக்காக, வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கடையில் என் நாக்குதான் வேலை பார்த்தது. பாய் சூடான கொட்டைகளை உள்ளங்கையில் தேய்த்து, தோலை ஊதிவிட்டு, இளசாக வறுத்ததில் இரண்டும் கறுக்க வறுத்ததில் இரண்டும் தருவார். முதலாவது புளிக்கும், அடுத்தது நன்றாகக் கசந்து, பிறகு தொண்டையில் வெல்லம்போல் நிற்கும். எது நல்லது என்று முதல் கடியிலேயே தெரிந்தாலும், அரவை மிஷின் கடகடக்க, முகத்தைச் சுளித்து, "சரியாத் தெரியலம்மா, இன்னும் ரெண்டு" என்பேன்.

"வாராவாரம் ஒங்க மக கறுப்புக் கொட்டையத்தான் சொல்லுதா. நேரா அதையே அரைச்சிரலாம்லா?" என்றார் பாய் ஒருநாள்.

"தெரியும் பாய்," என்றாள் அம்மா. "வீட்லதான் குடுக்க மாட்டாவ. செத்த நேரம் திங்கட்டும்."

எது பிடித்திருக்கிறது என்று புதுக் கடைப் பெண் கேட்டாள்.

"சரியாத் தெரியலம்மா," என்றேன். "இன்னும் கொஞ்சம் ஊத்து."