மார்ச் முப்பத்தொன்றில் வந்தவள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பட்டப்பகலில், ஆபீஸில் அத்தனை பேர் இருக்கும்போது நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் உதவியாளர். எங்களுக்கு வருடம் முடிவது மார்ச் 31-ல். ஏப்ரலில் ஒதுக்கிய பணம் அதற்குள் செலவாகாவிட்டால் அரசுக்கே திரும்பிவிடும். கல்வராயன் மலையில் ஓர் ஓடைப் பாலத்துக்கும் அதுதான் கதி. அவ்வளவு உயரத்துக்கு ஜல்லியும் கம்பியும் ஏற்ற வேண்டுமே என்று எந்தக் கான்ட்ராக்டரும் டெண்டர் எடுக்கவில்லை. அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்பும் கடிதத்தைத்தான் அந்த மார்ச் 31 மதியம் டைப் செய்துகொண்டிருந்தேன்.

"பாலம் கட்டிடுவீங்களாம்மா?"

நிமிர்ந்தேன். எதிரே ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது. புடவை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வெளியே கொளுத்தும் வெயில்...

"நீ எந்த ஊரும்மா?"

"ஓடைக்கு அந்தாண்டங்க. செவ்வந்தின்னு பேரு. எம் பொண்ணு கரையிலயே நின்னுக்கினு கீது. பாலம் வந்தா அம்மா வந்துடும்னு."

"இந்த வருசப் பணம் திரும்பிப் போவுதும்மா. மறுபடியும் புதுசா கேக்கணும்."

"எவ்ளோ நாளு ஆவும்?"

டைப் செய்த கடிதத்தின் மேல் ஒரு கோப்பை வைத்து மூடினேன்.

மின்விசிறிக் காற்றில் மேஜைக் காகிதங்கள் படபடத்தன. அவள் முடி அசையவில்லை.

சொட்... சொட்...

குனிந்து பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது.

"அப்போ பொண்ண வூட்டுக்குப் போவச் சொல்லிடறேங்க." குரல் உடைந்திருந்தது.

"கலையக்கா, யாராண்ட பேசிக்கினு இருக்கீங்க?" பக்கத்து மேஜை ரம்யா கேட்டாள்.

அவள் பக்கம் ஒரு கணம் திரும்பினேன். மறுபடி பார்த்தால்...

யாரும் இல்லை.

ஏப்ரலில் புது மதிப்பீட்டுக்காக இன்ஜினியரோடு மலைக்குப் போனேன். ஓடைக்கரையில் தமிழழகன் என்பவர் வழிகாட்டினார். செவ்வந்தி என்று யாராவது உண்டா என்று கேட்டேன். நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார்.

"எம் பொண்டாட்டிங்க. ஐப்பசி வெள்ளத்துல ஓடைய தாண்டறப்ப அடிச்சிக்கினு போயிடுச்சி. பொணம்கூட கெடைக்கல."

வெறிச்சோடிய கரையைத் திரும்பிப் பார்த்தேன்.

"பொண்ணு...?"

"அன்னியிலருந்து தெனம் கரையில வந்து நிக்கும். அழுது கூப்ட்டாலும் வராது. போன மாசம் கடைசி நாளு, தானா வூட்டுக்கு வந்துச்சிங்க. 'அம்மா போவச் சொல்லிச்சு'ன்னுது. அப்புறம் கரைக்கே போவல."

தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வந்தப்ப... ரெட்டை சடை பின்னி வுட்டிருந்துச்சிங்க. எங்க வூட்ல பின்னத் தெரிஞ்ச ஆளே இல்ல."