கல்மண்டபம் வரைக்கும்

ராயபுரத்தில் என் சோடாக் கடைக்கு எதிர் வீட்டில் குடியிருந்தவர் தண்டபாணி. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் குமாஸ்தா. கப்பலில் வந்த சரக்கு எந்தக் கொட்டகைக்குப் போக வேண்டும், எந்த ஜன்னலில் முத்திரை குத்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை. சரக்கைப் பிரிக்கிற புத்தியைக் கொண்டு அவர் மனிதர்களையும் பிரிக்க ஆரம்பித்தார்.

மனசு சரியில்லாதவர்களுக்கு எங்கள் வட்டாரத்தில் அந்த நாளில் போக்கிடத்துக்குக் குறைவே இல்லை. மண்ணடியில் தர்கா இருந்தது. மாதா கோயிலில் தலையில் கைவைத்து ஜெபிக்கும் சாமியார் இருந்தார். திருவொற்றியூரில் வேப்பிலை அடிக்கும் பூசாரி. தங்கசாலையில் ‘மனோசக்தி புரொபசர்’ தேவப்பிரியம், கண்ணாடி முன் நின்று தன்னையே முறைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்து, கூச்சத்தையும் பயத்தையும் போக்குவதாகப் பலகை மாட்டியிருந்தார். எதற்கும் மசியாதவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல்தான் சனங்கள் தவித்தார்கள். தட்ட வேண்டிய கதவைச் சொல்ல தண்டபாணி இருந்தார்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. யார் வந்து “மன்சு பேஜாரா கீது” என்றாலும் வீட்டில் உட்கார வைத்துப் பேச மாட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு, “வா, கல்மண்டபம் வரைக்கும். நடந்துகினே சொல்லு” என்பார். வழியெல்லாம் கேள்வி. எப்போதிலிருந்து, யார் நினைப்பு வருகிறது, அவர் பேர் என்ன, கடைசியாக எப்போது வயிறாரச் சாப்பிட்டாய். கல்மண்டபத்து முக்கில்தான் பாதை பிரிகிறது. அங்கே நின்று தீர்ப்புச் சொல்வார். தெற்கே கை நீட்டினால் தர்கா, வடக்கே நீட்டினால் பூசாரி. முக்கு வந்தும் கதை முடியாவிட்டால் இன்னொரு சுற்று சுற்றி வருவார். அப்புறம் அந்த இடம் வரைக்கும் கொண்டுபோய், தெருமுனையில் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். உள்ளே மட்டும் போகவே மாட்டார். காசு வாங்க மாட்டார், பெருமை அடித்துக்கொள்வார். இரண்டில் எது எங்களுக்கு அதிகச் செலவு வைத்தது என்று இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை.

பெருமையில் முதலிடம் கெங்கம்மா கேஸுக்கு. காசிமேட்டில் மீன் விற்கிறவள். புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு கூடையைத் தொடாமல், யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். தண்டபாணி தர்காவுக்கு அழைத்துப் போனார். மறுநாள் கெங்கம்மா கூடையோடு தெருவில் கூவிக்கொண்டு வந்தாள். “பாத்தியா? எந்தச் சரக்கு எந்தக் கொட்டாய்னு தெரிஞ்சா போதும்” என்று அவர் என் கடையில் நின்று சொல்லாத வாரம் இல்லை. கேட்டுக் கேட்டு எனக்கே தர்கா மேல் கோபம் வந்தது.

இப்படி ஊருக்கெல்லாம் வழி சொன்ன மனிதர் ஒரே ஒரு தடவை தன் வீட்டுக்கும் வழி சொல்லியிருந்தார். நாற்பத்திரண்டில், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது, பத்திரமான இடம் இதுதான் என்று மனைவி ராஜாத்தியையும் ஏழு வயது மகள் ஜெயக்கொடியையும் ஆற்காட்டுப் பக்கம் மாமியார் ஊருக்கு ரயில் ஏற்றிவிட்டார். ஆபீசில் லீவு கிடைக்காததால் கூடப் போகவில்லை. அந்தப் பத்திரமான இடத்தில் பிள்ளைக்கு விஷஜுரம் கண்டது. ராஜாத்தி தனியாகத் திரும்பி வந்தாள். அடுத்த வருஷம் துறைமுகத்தில் ஏதோ குண்டு விழுந்தது என்றார்கள். எங்கள் தெருவில் ஒரு ஓடு நகரவில்லை. அந்த வீட்டில் அதற்கப்புறம் ஜெயக்கொடி என்ற பேரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தண்டபாணி மற்றவர்களுக்கு வழி காட்டக் கிளம்பியதும் அதற்கப்புறம்தான்.

ஐம்பத்து மூன்றில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். நாற்பத்திரண்டில் அதே ரயிலில் போய், பத்திரமாகத் திரும்பி வந்த பெண் அவள். பந்தியில் இலை போட்டுச் சாதமும் விழுந்த பிறகு தண்டபாணி எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. ஆபீசில் ஒரு கொட்டகைச் சரக்கை இன்னொரு கொட்டகைக்கு அனுப்பினார். ரயில் கூவினால் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து போனார். குணமாகி வந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதைவிட மோசம், யாரோ ஒருத்தி வந்து பேஜாரு என்றபோது இவருக்கு எந்தப் பக்கம் கை நீட்டுவது என்றே தெரியவில்லை.

கடைசியில் தாமே கிளம்பினார். தர்காவில் ஓதி ஊதும் ஹஜ்ரத் எழுந்து வரவேற்று, டீ சொல்லி, “ஆளு எங்கே?” என்றார். வெளியே நிற்பதாக இவர் சொல்லி, ஆளுக்கென்று கொடுத்த தாயத்தை வாங்கிக்கொண்டார். மாதா கோயில் சாமியார், யாருக்கு என்று சொன்னால் ஜெபத்தில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். பூசாரி, வெள்ளிக்கிழமை அழைத்து வரச் சொன்னார். புரொபசர் தேவப்பிரியமோ, இவ்வளவு காலம் ஆள் அனுப்பியதற்கு நன்றியாகத் தம் பாடத்தை இலவசமாகவே கொடுத்தார். தண்டபாணி கண்ணாடி முன் நின்று முறைத்துப் பார்த்திருக்கிறார். எதிரே நின்றவன் அழுதானாம். எல்லாக் கொட்டகையும் தெரிந்தவருக்குத் தாமே சரக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. கீழ்ப்பாக்கத்து வாசலில், நோயாளியோடு வந்தவர் யார் என்று கேட்டிருக்கிறார்கள்.

“கூட வந்தவன் நான்தான்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

இடுப்பில் தாயத்தும், பையில் தீர்த்தமும், விபூதியும், புரொபசரின் பாடமுமாக வாசல்படியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துக் கெங்கம்மா கூடையை இறக்கினாள். நான் கடையில் இருந்தேன். காதைப் பொத்திக்கொண்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

தர்காவில் மந்திரித்தது உனக்கு மட்டும் எப்படிக் கேட்டது, எனக்கு ஏன் கேட்கவில்லை என்று தண்டபாணி குறைப்பட்டுக்கொண்டார். வியாபாரி கலப்படச் சரக்கைத் திருப்பிக் கொடுக்க வந்த மாதிரி இருந்தது பேச்சு.

“எனக்கு எங்க கேட்ச்சு?” என்றாள் கெங்கம்மா. “அன்னிக்கு தர்கா பூட்டிக் கெடந்துச்சு நைனா. நீ முனையிலியே வுட்டுட்டுப் போய்ட்ட. நான் பூட்டைப் பாத்துட்டு வூட்டுக்கு வந்துட்டேன்.”

தண்டபாணியின் முகம் போன போக்கை நான் சொல்லி முடியாது. இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

“நீ அவ்ளோ சந்தோசமா சொல்லிகினு திரிஞ்ச. அதை இன்னாத்துக்குக் கெடுக்கணும்?”

“அப்ப எதுல கொணமாச்சு உனக்கு?”

“வழியெல்லாம் கேட்டுகினே வந்தியே. அவரு பேர் இன்னான்னு கேட்ட. செத்ததுக்கப்புறம் அந்தப் பேர எவனும் எங்கிட்ட கேக்கல.” கூடையை வாசலில் நின்ற ராஜாத்தி பக்கம் தள்ளினாள். “காக்காயைப் பாத்துக்கம்மா. ஏந்திரி நைனா. கல்மண்டபம் வரைக்கும்.”

போகும்போது நடந்ததைக் கெங்கம்மாதான் பிறகு என்னிடம் சொன்னாள். இவர் கற்றுக்கொடுத்த கேள்விகளையே அவள் ஒன்றொன்றாகக் கேட்டிருக்கிறாள். பேர் கேட்டாள். ஜெயக்கொடி என்றார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு சொன்ன அந்தப் பேர் பாதி பாதியாக இரண்டு தடவையில் வந்ததாம். நான்தான் ரயில் ஏற்றினேன், நான்தான் அனுப்பினேன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். முக்குக்கு வந்துவிட்டார்கள்.

“கடைசில புள்ள இன்னா கேட்ச்சு?” என்றாள் கெங்கம்மா.

“தெரியாது.”

“கூட யாரு இருந்தா?”

“ராஜாத்தி.”

“அதுங்கிட்ட கேட்டியா?”

தெற்கேயும் வடக்கேயும் பாதை போகிற கல்மண்டபத்து முக்கில் தண்டபாணி நின்றார். தெற்கேயும் கை நீட்டவில்லை, வடக்கேயும் நீட்டவில்லை. வந்த வழியே திரும்பிவிட்டார்.

ராஜாத்தி ஒரு விசிறியால் காக்காய் விரட்டிக்கொண்டு கூடையருகில் உட்கார்ந்திருந்தாள். ஊரில் உள்ள அத்தனை பேரும் அவள் புருஷனோடு கல்மண்டபம் போய்த் திரும்பி வருவதைப் பதினோரு வருஷமாகப் படியில் இருந்து பார்த்தவள் அவள். அவளை ஒருநாளும் யாரும் கூப்பிட்டதில்லை. மனசு திடமான பொம்பளை என்று நாங்கள் எல்லாரும் மெச்சிக்கொண்டோம்.

தண்டபாணி படியேறவில்லை. தெருவில் நின்றபடியே, “ராஜாத்தி, கல்மண்டபம் வரைக்கும் வரியா?” என்றார். “நடந்துகினே சொல்லு.”

அவள் விசிறியைக் கூடைமேல் வைத்தாள். அடுப்பில் உலை கொதிக்கிறதே என்று பின்னாலேயே வந்து சேர்ந்த கெங்கம்மா சொன்னதுகூடக் காதில் விழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினாள்.