நீச்சல் குளத்தில் ஒரு ராணி

எங்கள் கல்லூரிக் கலையரங்கம் நீச்சல் குளமாகத்தான் பிறந்தது. கட்டியவர் என்ன கணக்குப் போட்டாரோ, ஊற்றிய தண்ணீர் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. பார்த்தார்கள், பலகை அடித்து ஒரு கோடியில் மேடை போட்டு, சரிந்த தரையில் நாற்காலிகளை இறக்கிவிட்டார்கள். மேடைக்கு மேலே 'இங்கே குதிக்காதீர்கள்' என்ற எழுத்து இன்றும் இருக்கிறது. நாட்டியத் துறைத் தலைவிக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அது மறுபடி எட்டிப் பார்க்கிறது. அந்தக் கட்டிடத்தில் அந்தப் பெயிண்ட் ஒன்றுதான் அசல் சரக்கு.

நாடகம், கச்சேரி, பரீட்சை, ரத்த தானம், மழை வந்தால் பூப்பந்து, எல்லாமே அங்கேதான். எது நடந்தாலும் திரையை இழுப்பவர் என் அக்காவின் கணவர். ரத்த தானத்துக்குத் திரை எதற்கு என்று கேட்டால், "ஆரம்பம்னு ஒண்ணு வேணாமாய்யா?" என்பார். கல்லூரிக்கே அவர் 'திரை மாமா'. மாடியில் விளக்குப் போடும் எனக்கு நிஜ மாமா என்பதால் திட்டு மட்டும் கூடுதல்.

கயிறு மேடையின் ஓரத்தில், இருட்டில் தொங்குகிறது. அதைப் பிடித்த நாளிலிருந்து மாமா எந்த நாடகத்தையும் எதிரே உட்கார்ந்து பார்த்ததில்லை. ராஜாவோ திருடனோ, அவருக்குக் கிடைப்பது ஒரு கன்னமும் பாதி மூக்கும்தான். அதை வைத்தே விமர்சனமும் சொல்வார். "மூக்கு நல்லா நடிச்சுது" என்று அவர் பாராட்டிய மாணவன் வெகுநேரம் கண்ணாடி முன்னால் நின்றான்.

இந்த வருடம் அவர் மகள் அங்கேயே படிக்கச் சேர்ந்தாள். ஆண்டு விழா நாடகத்தில், கடைசியில் செத்துப்போகும் ராணி வேஷமும் வாங்கிவிட்டாள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அப்பாவைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்று அவரை ஒத்திகைப் பக்கமே வரக் கூடாதென்று சொல்லிவிட்டாள்.

"பாதி மூக்கப் பாக்கவா நான் இவளப் பெத்தேன்?" என்றார் சாப்பிடும்போது. கண் கலங்கியிருந்தது. எனக்கும் பாவமாக இருந்தது.

"பெத்தது நான்," என்றாள் அக்கா. "நீங்க முன்னாடி போய் உக்காருங்க. கயித்த நான் பாத்துக்கறேன்."

"அது என்ன, துணி காயப்போடுற கயிறா?"

"ஒரு தடவ இழுத்தா தொறக்கும், இன்னொரு தடவ இழுத்தா மூடும். இதுக்கு ஒரு ஆளு, அந்த ஆளுக்கு ஒரு பட்டப்பேரு!"

பதறிவிடுவாள் என்று மகளிடம் யாரும் இதைச் சொல்லவில்லை.

விழா அன்று மாமா இஸ்திரி போட்ட சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்தார். கைகள் மட்டும் காற்றில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தன. பக்கத்திலிருந்த கல்லூரி முதல்வர் ஒரு நாற்காலி தள்ளிப் போனார். அக்கா இழுத்ததும் திரை வழுக்கிக்கொண்டு திறந்தது. அதில் மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ராணி வந்தாள். வந்தவள் சபையைத் திரும்பியே பார்க்கவில்லை. கிரீடமும் அழுகையுமாக, வசனம் முழுவதையும் கயிறு இருக்கும் ஓரத்தைப் பார்த்தே பேசினாள். அப்பாவுக்கு முழு முகத்தையும் காட்ட வேண்டும் என்று முடிவு பண்ணினாளாம், பிறகு சொன்னாள். இருட்டில் கயிற்றைப் பிடித்திருப்பது அம்மா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? முன்வரிசையில் மாமாவுக்குக் கிடைத்தது மறுபக்கத்துக் கன்னமும் மீதி மூக்கும்.

எவ்வளவு நேரம்தான் தாங்குவார்? எழுந்து நின்று கத்தினார்:

"அம்மாடி! நான் இங்க இருக்கேன்டா!"

ராணி திடுக்கிட்டுத் திரும்பினாள். முழு முகம். நானும் என் பங்குக்கு இருந்த விளக்கையெல்லாம் அந்த முகத்தில் போட்டேன். மாமா வாயைத் திறந்தபடி நின்றார். அந்த நேரம் பார்த்து, மானம் போகிறதே என்று அக்கா கயிற்றை இழுத்துவிட்டாள். திரை மூடிக்கொண்டது.

அரங்கம் சிரித்தது. மாமா உட்காரவும் இல்லை, கண்ணைத் துடைக்கவும் இல்லை. திரையின் நடுவில் ஒரு விலகல். கிரீடத்தோடு ஒரு தலை மட்டும் வெளியே வந்து, நேரே அவரைப் பார்த்தது.

"அப்பா, உக்காருங்க. நான் இன்னும் சாகவே இல்ல."