வெடி நேரத்து ஜன்னல்கள்

ராஜாமணி அக்கா போய்விட்டார் என்று நேற்றுக் காலை அவர் மகள் போனில் சொன்னபோது அஸ்தம்பட்டியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறத் தோன்றவில்லை.

மலையடியில் இருந்த வெள்ளைக்கல் சுரங்கத்து ஆஸ்பத்திரியில் அவர் நர்ஸ், நான் கம்பவுண்டர். அங்கே ஊசி போட்டுக்கொண்ட எவரும் அவரை மறந்திருக்க மாட்டார். அழுகிற பிள்ளையிடம், "அழுதுக்க சாமி, ஆனா ஆடாத" என்பார். பிள்ளை என்ன, மானேஜரே ஆடாமல்தான் நிற்பார்.

ஆஸ்பத்திரி, கிளப்பு, மானேஜர் பங்களா எல்லாம் வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடங்கள். மதியம் சுரங்கத்தில் வெடி வைக்குமுன் சங்கு ஊதியதும் ஊரே ஜன்னல்களைத் திறந்துவைக்கும். சாத்தியிருந்தால் அதிர்வில் கண்ணாடி உடைந்துவிடும். ஆஸ்பத்திரியில் அந்த வேலையை அக்கா யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அவர் கணவர் பாறைக்கு வெடி வைப்பவர். கல்தூசி நெஞ்சை அடைத்து, எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். கடைசி நாளன்றும் சங்கு ஊதியது. அக்கா அசையவில்லை. கணவர்தான் ஜன்னலைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அக்கா எழுந்துபோய்த் திறந்துவிட்டு வந்து கையைப் பிடித்தபோது உயிர் இல்லை.

பிறகு சுரங்கத்தை மூடினார்கள். பூட்டிய ஆஸ்பத்திரிக்கு அக்கா சாவி கேட்டு வாங்கி, மதியமானால் போய் ஜன்னல்களைத் திறந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாத்துவார்.

"வெடிதான் நின்னு போச்சேக்கா" என்று கேலி செய்தேன்.

"வெடி நின்னா நிக்குதுங்க தம்பி. அவரு காத்து வாங்க வேண்டாமுங்களா?"

அப்புறம் நான் கேலி பேசவில்லை.

பிறகு கிளப்பை இடித்தார்கள், பங்களாவை இடித்தார்கள். ஆஸ்பத்திரியையாவது விட்டுவையுங்கள் என்று கேட்டு அக்கா ஏறாத ஆபீஸ் படி இல்லை. கூடவே நானும் ஏறி இறங்கினேன். பழைய கட்டடம், பலமில்லை என்றார்கள். பலமில்லாத அந்தச் சுவரைத் தள்ள இரண்டு பொக்லைன் வேண்டியிருந்தது.

இடிக்க வந்த அன்று அக்கா வண்டிக்கு முன்னால் போய் நின்றார். மறிக்கப் போகிறார் என்று நினைத்தோம். ஓட்டுநரிடம், "சித்த நேரம் நிறுத்துங்க சாமி, தொறந்துட்டு வாரேன்" என்றார். உள்ளே போய் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து கொக்கி மாட்டினார். வெளியே வந்து, "இனி இடிங்க" என்றார். ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். அன்று படுத்தவர்தான், அதற்கப்புறம் அவர் உடம்பு தேறவேயில்லை.

நேற்று அவரை வீட்டில் ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். தூசி வருகிறதென்று ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். உச்சிப்பொழுதில் என்னையறியாமல் எழுந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். யாரோ தடுக்க வந்தார். மகள், "உடுங்க, அவரு தொறக்கட்டும்" என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன்.

மதியமானால் ஜன்னலுக்குப் போகிற இந்தக் கை மட்டும்தான் அக்காவிடமிருந்து எனக்கு மிச்சம். இன்றும் திறந்துவைத்திருக்கிறேன் அக்கா. இரண்டு பேரும் காற்று வாங்குங்கள்.