பூசை மணிக்குப் பின் வரும் அமைதி

“வெள்ளி, காலை. மலத்தில் இரத்தம். மூலமாக இருக்கலாம்.”

என் நாட்குறிப்பில் நோய் முதலில் வந்தது இப்படித்தான். அடுத்த வாரங்களிலும் அதே வசனம். கிழமை மட்டும் மாறியிருக்கிறது. துறைமுக அலுவலகத்தில் கப்பல் வரவுகளைப் பதிந்தே காலம் கழித்தவன் நான். எழுதிவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைக்கும் பழக்கம். கொட்டாஞ்சேனை வீட்டில் மனைவி ரீட்டாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் எந்த இடம் என்றும் சொல்ல வேண்டுமே.

கடைசியில் நான் போய்ப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் அந்தக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார்.

“இவ்வளவு வடிவா எழுதி வச்சிருக்கிறீங்க. ஒருத்தருக்கும் சொல்லேல்லையா?”

“வெட்கம், டொக்டர்.”

“அதுக்கு என்னட்ட மருந்து இல்ல.”

கொலோனொஸ்கொபியில் (கமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்ப்பது) மலக்குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. முதல் குறிப்பை எழுதிய வாரமே வந்திருந்தால் வேறு வழி இருந்திருக்குமா என்று கேட்டேன். அவர் பேனையை மூடினார். இதை வாசிக்கும் யாராவது அப்படியொரு குறிப்பை எழுதிக்கொண்டிருந்தால், நிறுத்திவிட்டு வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்.

கதிர்ச்சிகிச்சைக்குப் பின் மலக்குடலை வெட்டி எடுத்தார்கள். மிச்சம் ஒரு ஸ்டோமா (குடலின் நுனியை வயிற்றுக்கு வெளியே எடுத்துத் தைத்த வாய்), அதன்மேல் ஒட்டிய பை. அந்த வாய்க்குத் தசைக் கட்டுப்பாடு இல்லை. காற்று வந்தால் வரும், அடக்க முடியாது.

பல வருடங்களாக எங்கள் பங்குக் கோவிலில் ஞாயிறு வாசகம் வாசித்தவன் நான். உடல் தேறிக் கோவிலுக்குப் போன முதல் ஞாயிறு, நடுப்பூசையில் மணியடித்து எல்லாரும் முழந்தாளிட்டு அமைதியானபோது, என் வயிறு சத்தம் போட்டது. முன் வாங்கில் ஒரு பிள்ளை சிரித்தது. தாய் அதன் வாயைப் பொத்தினாள். நான் பக்கக் கதவால் வெளியேறினேன்.

அதன்பின் ஞாயிறுகளில் ரீட்டா தனியாகப் பூசைக்குப் போனாள். நான் பஸ் ஏறி மட்டக்குளிக்கு, களனி கங்கை கடலில் சேரும் இடத்துக்குப் போனேன். செபிக்க அல்ல, ஒளிக்கத்தான். அங்கே அலையும் காகங்களும் போடும் இரைச்சலில் என் சத்தம் எனக்கே கேட்காது.

ஒருநாள் நீர் வற்றியிருந்தது. நாற்றம் எழுந்ததும் வழக்கம்போலப் பையைத் தடவிப் பார்த்தேன். பை சரியாகவே இருந்தது. நாறியது சேறு. அந்தச் சேற்றுக்குள்ளிருந்து கண்டல் மரங்களின் மூச்சுவேர்கள் (காற்று வாங்க மேல்நோக்கி வளரும் வேர்கள்) விரல்களைப் போல நீட்டிக்கொண்டிருந்தன. புத்தகங்களில் படித்த விசயம்தான். ஆனால் மற்ற மரங்கள் மண்ணுக்குள் மறைத்துவைப்பதை இந்த மரம் வெளியே வைத்தே உயிர் வாழ்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். ஒரு கொக்கு அவற்றுக்கிடையே கவனமாகக் கால் வைத்து நடந்தது.

“ஆண்டவரே, நாறுது,” என்றேன். மாதக்கணக்கில் நான் செய்த முதல் செபம் அது. தேய்த்த சட்டையோடு வாசித்த காலத்தில் அவரிடம் நான் இவ்வளவு நேராகப் பேசியதே இல்லை.

அடுத்த ஞாயிறு ரீட்டாவும் பஸ்ஸில் ஏறினாள்.

“பூசையை விட்டிட்டு இங்க என்ன செய்றீங்க?”

“இங்க சத்தம் கேக்காது.”

“கடவுளுக்குமா?”

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “கோவில்ல என்ர பக்கத்தில இடம் விட்டுத்தான் இருக்கிறனான்,” என்றாள். “ஒவ்வொரு கிழமையும் ஆரும் வந்து இருக்கப் பாக்கினம்.”

இப்போது என் நாளைக் கடிகாரம் பிரிப்பதில்லை. பை நிறைவதும் காலியாவதும்தான் பிரிக்கின்றன. வெட்கமும் போகவில்லை; கூடவே பஸ் ஏறுகிறது.

குருத்து ஞாயிறன்று கோவிலுக்குப் போனோம். மணியடித்தது. எல்லாரும் அமைதியானார்கள். சத்தம் வந்தது. காது சுட்டது. சேற்றை நினைத்துக்கொண்டு முழந்தாளிலேயே இருந்தேன்.

வெளியே வந்ததும், “கேட்டதா?” என்றேன்.

“என்ன?”

“சத்தம்.”

“எனக்கொண்டும் கேக்கேல்லை. நான் கும்பிட்டுக்கொண்டு இருந்தனான்.”

என் தோளில் தோள் முட்ட இருந்தவள் அவள். சொன்னது உண்மைதானா என்பதை இதுவரை நான் உறுதிப்படுத்தவில்லை.