எட்டாம் நாளின் பட்டன்

ஜினப்பிரியாவுக்கு எரிச்சல் மூட்டுகிற வாக்கியம் ஒன்று உண்டு: சைட் வேலை செய்யவில்லை. எது வேலை செய்யவில்லை, என்ன செய்தபோது என்று ஒருவரும் சொல்லித் தொலைக்க மாட்டார்கள். செஞ்சிக்குப் பக்கத்தில் ஜைன மடம் இருக்கும் மேல்சித்தாமூரில் பிறந்தவள். சென்னையில் ஆறு வருஷம் கோடிங் எழுதி அலுத்துப்போய் செஞ்சிக்கே திரும்பி, உரக்கடை மாடியில் ஓர் அறை பிடித்து வெப்சைட் செய்து கொடுக்கிறாள். வேலையில் கெட்டிக்காரி. அது அவளுக்கே தெரியும் என்பதுதான் தொல்லை.

செஞ்சியில் இருக்கும் யாத்திரிகர் விடுதிக்கும் அவள்தான் சைட் செய்தாள். தரிசனத்துக்கு வரும் ஜைனக் குடும்பங்கள் தங்குகிற இடம். பொழுது சாய்ந்தபிறகு அவர்கள் சாப்பிட மாட்டார்கள். கண்டிப்பானவர்கள் தண்ணீர்கூடத் தொட மாட்டார்கள். வெங்காயம், பூண்டு போடாத ஓட்டலைத் தேடிக்கொண்டு அலையவும் முடியாது. அதனால் எந்தத் தேதிக்கு எத்தனை சாப்பாடு என்று சைட்டில் முன்னாலேயே பதிய வேண்டும். பதிவு இருந்தால்தான் சமையல்காரர் பச்சைமுத்து சிங்கவரத்திலிருந்து வருவார்.

விடுதி மேனேஜர் அஜிததாஸ் அவளுக்குச் சித்தப்பா முறை. சிலபேர் பதிவு பட்டனை அமுக்கினால் ஒன்றுமே நடக்கவில்லையாம் என்று ஒரே மாதத்தில் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். இரண்டு தடவையும் அவள் சைட்டைத் திறந்து, முதலில் தெரிந்த தேதியில் அமுக்கிப் பார்த்தாள். ஜம்மென்று வேலை செய்தது. அவர்களுக்கு நெட் சரியில்லை, ஒழுங்காக அமுக்கச் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மூன்றாவது போன் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு வந்தது. வேனில் இருபத்திரண்டு பேர் வந்து இறங்கியிருக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பதிந்தாயிற்று என்கிறார்கள். விடுதியில் பதிவே இல்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை. ஆறு மணிக்குப் பொழுது சாய்ந்துவிடும். மறுநாள் சதுர்த்தசி, அவர்களில் பாதிப் பேருக்கு உபவாசம். இப்போது சாப்பிடாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான்.

"பச்சைமுத்து வர முக்கா மணி ஆவும்மா. நீ வண்டிய எடுத்துனு வந்தினா ரெண்டு அடுப்பு போட்டு ரவைய கிண்டிடலாம். வர்றியா?"

"வரேன் சித்தப்பா. இன்னா ஆச்சுனு ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துடறேன்."

விடுதி ஐந்து நிமிஷ தூரம். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கலாம். அவள் லேப்டாப்பைத் திறந்தாள். சரிசெய்வதற்கு அல்ல, தன்மேல் தப்பில்லை என்று காட்டுவதற்கு.

முதல் ஏழு நாட்களின் பட்டன்களை அமுக்கினாள். எல்லாம் சரி. பார்த்தாயா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு கீழே இருந்த 'மேலும் நாட்கள்' கண்ணில் பட்டது. அதைத் தட்டியதும் அடுத்த ஏழு நாட்கள் சர்வரிலிருந்து வந்து வரிசையாக நின்றன. எட்டாம் நாளின் பட்டனை அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினாள். கல் மாதிரி இருந்தது.

அவளுக்கு முகம் சுட்டது. பக்கம் திறக்கும்போது அங்கே இருக்கிற பட்டன்களுக்கெல்லாம், அமுக்கினால் பதிவுசெய் என்று அவள் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் கட்டளை கொடுக்கிறது. அப்புறம் வந்து சேர்கிற பட்டன்களுக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டு முடிந்தபிறகு வந்து உட்கார்ந்த பிள்ளைகள் மாதிரி அவை பாட்டுக்கு இருந்தன. முதல் வருஷப் பையன் செய்கிற தப்பு. இதையா நான் செய்தேன் என்று மேசையைக் குத்தினாள்.

அதோடாவது எழுந்து போயிருக்க வேண்டும். ரோஷம் விடவில்லை. புது நாட்கள் வந்ததும் எல்லாப் பட்டனுக்கும் மறுபடி கட்டளை கொடு என்று எழுதினாள். இப்போது பழைய பட்டன்களுக்கு இரண்டு கட்டளை. நாலு சாப்பாடு கேட்டால் எட்டு பதிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் அழித்தாள். பட்டன்களை விட்டுவிட்டு, அவை வந்து நிற்கிற அட்டவணைக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்தாள்: உனக்குள் எந்தப் பட்டனை அமுக்கினாலும், எப்போது வந்த பட்டனானாலும், நீ கவனித்துக்கொள். எட்டாம் நாள் உயிர்பெற்றது. நிமிர்ந்து மணியைப் பார்த்தாள். ஆறு ஐந்து.

விடுதிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது அஜிததாஸ் வாணலியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒற்றை ஆளாக ஒன்பது பேருக்குத்தான் முடிந்ததாம். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் கொடுத்தாராம். அவளைப் பார்த்ததும் வாணலியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பைத் துடைத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவளுக்கு.

வராந்தாவில் அவள் வயதுப் பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். திரிசலா என்று பெயர். வேனில் வந்த எல்லாருக்கும் சேர்த்துப் பதிந்தவள் அவள்தான். உள்ளே கூடத்தில் அவளைப் பற்றித்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

"பத்து நாளு முன்னாடியே அமுக்கினேங்க," என்றாள் திரிசலா. "மூணு வாட்டி. ஒண்ணும் வரல, ஆயிருக்கும்னு விட்டுட்டேன். எனக்கு இந்த போன்லாம் ஒழுங்கா வராது. என்னால எல்லாரும் பட்டினி."

ஜினப்பிரியா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொழுது சாய்ந்துவிட்டதால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட இனி திரிசலாவுக்குக் கொடுக்க முடியாது.

"நீங்க சரியாத்தான் அமுக்கினீங்க. பட்டன்தான் வேலை செய்யல. அத எழுதனது நான்."

திரிசலா கோபப்படவில்லை. கூடத்தின் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"அத அவங்ககிட்ட சொல்றீங்களா?"

ஜினப்பிரியா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.