எங்கட நாட்டுக்கு ஒரு வோட்டு

ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் இங்கிலாந்து அதுவரை ஐந்து முறை வென்றிருந்தது. பதினைந்து முறை இரண்டாவதாக வந்திருந்தது. புள்ளியே இல்லாமல் ஒருமுறையும் திரும்பியதில்லை. அந்த மே மாதச் சனிக்கிழமை மத்தியானம் இதையெல்லாம் மனைவிக்குச் சொன்னேன். அவள் பயந்துபோயிருந்தாள். உண்மையில் அவளைவிட எனக்குத்தான் பயம்.

லண்டன் கிங்ஸ்பரி வீட்டின் முன்னறையில் அவளுக்குக் கட்டில் போட்டிருந்தோம். வயிற்றில் புற்றுநோய். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அவளுக்கு ஒரே தங்கை. ஜேர்மனியில் நாங்கள் இருந்த காலம் முழுக்க எங்களோடுதான் இருந்தாள். ஒவ்வொரு மே மாதமும் அக்காவும் தங்கையும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து இந்தப் போட்டியைப் பார்ப்பார்கள். பாட்டைவிடச் சட்டைகளுக்குத்தான் அதிகம் புள்ளி போடுவார்கள். பிறகு எங்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. மகன் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்துவிட்டோம். தங்கையின் அகதி விண்ணப்பத்தை மறுத்திருந்தார்கள். இப்போதைக்குத் திருப்பி அனுப்பவில்லை என்று ஒரு தாள் மட்டும் கொடுத்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு எல்லை தாண்ட முடியாது.

“சாமானெல்லாம் ஏத்தியாச்சு. நான்தான் மிச்சம்” என்றாள் தங்கை, நாங்கள் புறப்பட்ட அன்று.

“உன்னை எத்தினை வருசத்துக்குத் தூக்கிக்கொண்டு திரியிறது?” என்றாள் மனைவி.

அதோடு பேச்சு நின்றது. மற்றவள் முதலில் போன் எடுக்கட்டும் என்று இருவருமே இருந்தார்கள். மாதத்துக்கொருமுறை போன் கார்ட் வாங்கி இரண்டு பக்கத்துச் சுகத்தையும் நான்தான் கடத்தினேன்.

போட்டி நடக்கவிருந்த அந்தக் கிழமை மனைவி சொன்னாள்: “இஞ்சாருங்கோ, அவளுக்கு எடுத்து, எங்கட நாட்டுக்கு ஒரு வோட்டுப் போடச் சொல்லுங்கோ. நான் கேட்டதெண்டும் சொல்லுங்கோ.”

லட்சக்கணக்கானவர்கள் தொலைபேசியில் போடும் வோட்டில் ஒரு வோட்டு, ஒரு புள்ளியாக வராது என்று, ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்த நான் விளங்கப்படுத்தினேன்.

“உங்கட கணக்கை நீங்களே வைச்சிருங்கோ. ஜேர்மனியிலயிருந்து ஒரு புள்ளி வந்தாலும் அவள் போட்டதெண்டுதான் நான் நினைப்பன். பிறகு நானே எடுத்துக் கதைப்பன்.”

அவள் கேட்டதை மட்டும் சொல் மாறாமல் தங்கைக்குச் சொன்னேன்.

“அக்காவே கேட்டவ?”

“ஓம்.”

“அப்ப போடுறன், அத்தான்.”

இங்கிலாந்துக்காகப் பாடிய இரண்டு பேருக்கும் சுருதி சேரவில்லை. சங்கீதம் தெரியாத எனக்கே விளங்கியது. அதன்பின் நாடுகள் ஒவ்வொன்றாகப் புள்ளி சொல்லத் தொடங்கின. ஜேர்மனியின் முறை வந்தபோது மனைவி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். இங்கிலாந்தின் பெயர் வரவில்லை. ஜேர்மனியோடு சேர்த்து மற்ற இருபத்தைந்து நாடுகளில் ஒன்றுகூட அதைச் சொல்லவில்லை. ஈராக் போருக்கான தண்டனை என்று மறுநாள் சிலர் சொன்னார்கள்.

“முட்டை” என்றாள் மனைவி. “ரீவியை நிப்பாட்டுங்கோ.”

காலையில் தங்கைக்கு எடுத்தேன். கோபத்தோடுதான் எடுத்தேன்.

“போடுறன் எண்டு சொன்னனீர் எல்லே?”

“பதினொரு தரம் அடிச்சனான் அத்தான். அந்த நம்பர் வேலை செய்யேல்லை. சொந்த நாட்டுக்குப் போட ஏலாதாம்.”

“எந்த நாட்டுக்கு அடிச்சனீர்?”

“ஜேர்மனிக்குத்தான். எங்கட நாடெண்டு அக்கா சொன்னவ எண்டியள். நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டா இருந்த நாடு இதுதானே?”

அவளை ஏற்காத நாடு. அதற்கு வோட்டுப் போடவும் அவளை விடவில்லை. நான் முன்னறைக்குப் போய் நடந்ததை மனைவிக்குச் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

“வடிவாத்தான் சோடிச்சிருக்கிறியள்.”

“சத்தியமாய்ச் சொல்லுறன்.”

“கணக்கு வாத்தியார் பொய் சொன்னால் இப்பிடித்தான். நம்பரும் சேர்த்துச் சொல்லுவார். பதினொரு தரமாம்.”

தொலைபேசியை எடுத்துவந்து இலக்கத்தை அடித்து அவள் காதில் வைத்தேன். “அக்கா, நான் போட்டனான் அக்கா. பதினொரு தரம் அடிச்சனான்” என்று தங்கை சொல்வது எனக்கும் கேட்டது. தங்கையின் அழுகையைக் கொஞ்ச நேரம் கேட்டிருந்துவிட்டு மனைவி தொலைபேசியை என்னிடம் நீட்டினாள்.

“உங்கட மச்சாளுக்கு நல்லாப் பாடமாக்கிக் குடுத்திருக்கிறியள்” என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஆனி மாதத்தில் போய்விட்டாள். தங்கைக்கு வர அனுமதி கிடைக்கவில்லை. சவ அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. அவள்தான். அக்காவுக்கு என்ன சீலை உடுத்திவிட்டீர்கள், ஆர் ஆர் வந்தது என்று கேட்டாள். கடைசியில் கேட்டாள்:

“நான் சொன்னதை அக்கா நம்பினவவோ, அத்தான்?”

“ஓம்” என்றேன்.

அதை அவள் உடனே நம்பினாள்.